தெற்குப் பக்கத்துக் கானமயில்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, என் வீட்டுக்காரி, குழந்தை, நான், எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பறவைகள் எப்படி இருக்கின்றன என்று பதில் எழுதுவாய். அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

போனில் உன் குரல் துண்டு துண்டாக வருகிறது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பேசுகிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மா போனைத் தொடவே விடுவதில்லை. "அவ விழுந்து கைகாலை ஒடைச்சுக்கிட்டா யாரு பாக்கறது? லெட்டர் போடு" என்கிறாள். ஆகவே இந்தக் கடிதம்.

ஒரு நல்ல செய்தி. என்னை மின்பாதைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கோபுரங்களை எங்கெங்கே நட வேண்டும் என்று வரைபடத்தில் குறிப்பது இனி என் வேலை. அதைவிட வேடிக்கை, முதல் வேலையே உன் பக்கம்தான்! பெரிய சூரிய மின்நிலையத்திலிருந்து நகரத்துக்குக் கம்பி இழுக்கப் போகிறோம். வரைபடத்தை விரித்தால் நடுவில் உன் புல்வெளி. அதற்கு ஒரு வண்ணம்கூட அடிக்காமல் 'தரிசு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருடமாக என் அக்கா பறவை ஆராய்ச்சி செய்துகொண்டு குடியிருக்கிற இடம் தரிசாம்.

உன் கானமயில்கள் எந்தப் பக்கம் அதிகம் நடமாடும்? விவரமாக எழுது. தெரிந்தால் என்னால் ஏதாவது செய்ய முடியும்.

கண்ணாடியைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னாயே, புதிது வாங்கினாயா? குழந்தை உன் போட்டோவைப் பார்த்து "அத்தை" என்கிறாள்.

அன்புடன்,
சுண்டு


பிப்ரவரி 24

அன்புச் சுண்டுவுக்கு,

கோபுரம் நடும் ஆளாகிவிட்டாயா! சுண்டுவிரல் அளவு பிறந்தாய் என்று உனக்கு இந்தப் பெயர் வைத்தோம். இப்போது வானத்தைத் தொடுகிறாய். சந்தோஷம். அம்மாவிடம் சொல், நான் தொட்டி மேல் ஏறுவதை விட்டுவிட்டேன். கண்ணாடி வாங்கிவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. காலில்தான் முள் குத்தாத இடமில்லை.

நீ கேட்டதே எனக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி. இத்தனை வருடத்தில் வீட்டில் யாரும் இவர்களைப் பற்றி விவரமாகக் கேட்டதில்லை.

இங்கே இப்போது மூன்று பேர்தான். ஒரு ஆண், இரண்டு பெண். ஆணுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறோம். நின்றால் என் இடுப்புக்கு மேலே வருவான். தலையில் கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கழுத்து, நடையில் அப்படி ஒரு மிதப்பு. பெண்களில் மூத்தவள் அத்தை. எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்துச் சந்தேகப்படுவாள். இளையவள் சின்னவள். அவளுக்கு வெட்டுக்கிளி கிடைத்தால் போதும், உலகமே மறந்துவிடும்.

இவர்கள் மரத்தில் உட்கார மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியுமா? பின்விரல் கிடையாது. கிளையைப் பற்ற முடியாது. உண்பது, உறங்குவது, முட்டையிடுவது எல்லாம் தரையில். கூடுகூடக் கட்டுவதில்லை. வெறும் மண்ணில் ஒரே ஒரு முட்டை. மாடு மிதிக்க வந்தால் தாய் இறக்கையை விரித்துக்கொண்டு அதன் மூஞ்சிக்கு நேரே நிற்பாள். மாடு திரும்பிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி நீ கேட்டது. மழை மாதங்கள் முடிந்துவிட்டால் தெற்குப் பக்கம் ஒரு இறகைக்கூடப் பார்க்க முடியாது. எல்லோரும் வடக்கே அறுவடை முடிந்த வயல்களில் பூச்சி பொறுக்கப் போய்விடுவார்கள். ஆனால் மழை விழுந்ததும் தெற்குதான் அவர்களுக்கு எல்லாம். அங்கே ஒரு மேட்டில் மாப்பிள்ளை வந்து நிற்பான். வாலை முதுகுக்கு மேல் மடக்கி, கழுத்தை ஊதி, தரை தொடும் அளவுக்கு ஒரு பையாகத் தொங்கவிட்டு, பெரிய பானைக்குள் யாரோ முனகுவது போல் ஒரு சத்தம் எழுப்புவான். காற்றில்லாத காலையில் என் கொட்டகை வரை கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் பெண்கள் வருவார்கள். முட்டையும் அந்த மேட்டைச் சுற்றித்தான்.

இன்னொன்று, இதை மறந்துவிடாதே. இவர்களுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. பறக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு பறப்பவர்கள். நேர் எதிரே இருப்பது தெரியாது. தெரிந்தாலும், அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு சட்டென்று ஒதுங்க முடியாது. தெற்கே கம்பி வந்தால் கதை முடிந்தது. கிழக்கே கல்குவாரிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போங்கள். அங்கே புல்லும் இல்லை, பறவையும் இல்லை.

நீ அந்த வேலையில் இருக்கும்போது எனக்கென்ன கவலை. குழந்தைக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று எங்கள் சீஃப் வீட்டுக்கு வந்திருந்தார். வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை பானைக்குள் முனகும் இடத்தில் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "உங்க அக்கா எழுத்தாளரா போயிருக்கணும்யா" என்றார். தெற்கு வடக்கு சமாசாரத்தை இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். உன் மேல் அவருக்கு நல்ல மதிப்பு வந்துவிட்டது.

கல்குவாரிப் பக்கம் பற்றியும் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
சுண்டு


மே 20

அன்புத் தம்பிக்கு,

நலம். அம்மாவின் முழங்காலுக்கு மருத்துவரிடம் காட்டினீர்களா?

போன வாரம் வட்டார அலுவலகத்தில் உங்கள் மின்பாதைக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நீ வருவாய் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை. உன் சீஃப் என்று நினைக்கிறேன், வழுக்கைத் தலை, கையில் இரண்டு மோதிரம், அவர் வந்திருந்தார். சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். கோடு நேராகத் தெற்கு மேட்டின் மேல் போகிறது.

நான் எழுந்து, அது முட்டையிடும் இடம் என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி, ரொம்ப மரியாதையாக, "மேடம், மழை மாசம் முடிஞ்சிட்டா தெற்குப் பக்கம் ஒரு இறகைக்கூடப் பார்க்க முடியாது. இது நான் சொல்றதில்ல. வருஷக்கணக்கா அங்கேயே தங்கியிருந்து பாக்கறவங்க சொன்னது. இல்லைன்னு நீங்க சொன்னீங்கன்னா அந்த வரியை இப்பவே எடுத்துடறேன்" என்றார்.

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அது உண்மைதானே. அதற்கு அடுத்த வரியும் உண்மை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கல்குவாரிப் பாதையைப் பற்றி யாரோ ஒருவர் கேட்டார். நீளம் அதிகம், சரிப்படாது என்று முடித்துவிட்டார்கள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த எங்கள் ஜீப் ஓட்டுநர், "என்ன மேடம், அது உங்க பேச்சு மாதிரியே இருந்துச்சே" என்றார்.

குழந்தை நடக்கிறாளா?

அன்புடன்,
அக்கா


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்தோம். நல்லபடி முடிந்தது. இப்போது கைத்தாங்கலில் வராந்தா வரை நடக்கிறாள். குழந்தையும் அதே நேரத்தில் நடக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் போட்டி போடுவதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பெரிய அதிகாரிகள் எங்கெங்கிருந்தோ தகவல் திரட்டுவார்கள். அதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே. பாதை முடிவாகிவிட்டது. என் கையில் இல்லை. ஆனால் ஒன்று செய்ய முடிந்திருக்கிறது. கம்பியில் தொங்கவிடும் தட்டுகள் இருக்கின்றன. வெயிலில் பளபளவென்று சுழலும், பறவைக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அந்த மேட்டுப் பக்கம் முழுக்கத் தட்டு மாட்டியே தீர வேண்டும் என்று சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். தட்டு மாட்டாமல் மின்சாரம் பாயாது. இது என் வாக்கு.

வீட்டில் ஒரு புதிய அலமாரி வாங்கினோம். உன் பழைய புத்தகங்களை அம்மா அதில் அடுக்கியிருக்கிறாள்.

அன்புடன்,
சுண்டு


அக்டோபர் 10

தம்பிக்கு,

அம்மா நடக்கிறாள் என்று படித்து நிம்மதி. அறுவை சிகிச்சை நடக்கப் போகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பேன். போகட்டும்.

இங்கே மழை நன்றாகப் பெய்தது. மழை தொடங்கிய அதே வாரம் உங்கள் ஆட்கள் மேட்டில் குழி தோண்ட வந்தார்கள். மண் தோண்டும் வண்டி அங்கேயே நின்றது. மாப்பிள்ளை தினமும் காலையில் வந்தான். குழிக்கும் மண்குவியலுக்கும் நடுவில் கொஞ்சம் புல் மிச்சமிருந்தது. அதில் நின்று கழுத்தை ஊதினான். வண்டி உறுமியதும் ஊதியதை விட்டுவிட்டு ஓடினான். மறுநாள் திரும்ப வந்தான். பெண்கள் இருவரும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். கிட்டே வரவில்லை. இந்த வருடம் முட்டை இல்லை.

உங்கள் மேஸ்திரி நல்ல மனிதர். நான் கேட்டதற்காக ஒரு நாள் காலை வண்டியை நிறுத்தி வைத்தார். "மேலேர்ந்து கேட்டா என்னால பதில் சொல்ல முடியாதும்மா" என்று மறுநாள் கிளப்பிவிட்டார்.

தட்டுகள் பற்றி அவரிடம் கேட்டேன். அவருக்கு அப்படி ஒன்று வரப்போவதாகவே தெரியவில்லை. நீ பார்த்துக்கொள்.

அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நலமறிய ஆவல்.

தட்டுகள் வந்துவிட்டன. கிடங்கில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. என் கண்ணால் பார்த்தேன். மாட்டுவதற்கு வேறு ஒரு குழு வர வேண்டும். மேஸ்திரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நீ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உன் தம்பி இருக்கிறேன்.

உனக்குச் சொல்லாமல் அறுவை சிகிச்சை செய்ததாக அம்மாவிடம் வருத்தப்பட்டு எழுதினாயாமே. நீ பதறி ஓடி வருவாய், உன் வேலை கெடும் என்றுதான் சொல்லவில்லை. உன் வேலையின் மேல் எங்களுக்கு எவ்வளவு அக்கறை என்று உனக்குத் தெரியாதா?

குழந்தைக்கு அடிக்கடி சளி. வேறு விசேஷமில்லை.

அன்புடன்,
சுண்டு


ஜூன் 17

தம்பிக்கு,

பிப்ரவரியில் கம்பி இழுத்தார்கள். மார்ச்சில் மின்சாரம் பாய்ந்தது. கீழே நின்றால் கம்பி ரீங்கரிப்பது கேட்கிறது. ஒரு தட்டு இல்லை. உனக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை.

நேற்று முன்தினம் முதல் மழை. நேற்றுக் காலை நானும் ஓட்டுநரும் ஜீப்பில் உட்கார்ந்திருந்தோம். வடக்கேயிருந்து மாப்பிள்ளை வந்தான். தாழ்வாக, நிதானமாக, மேட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஓட்டுநர் ஹாரனை அடித்தார். நான் இறங்கிக் கையை வீசிக்கொண்டு ஓடினேன். அவன் எங்களைத்தான் பார்த்திருப்பான், எதிரே பார்க்கவில்லை. கம்பி அதிர்ந்தது. அவ்வளவுதான்.

"மேடம், மூச்சு இருக்கு மேடம்" என்று ஓட்டுநர் கத்தினார். இருந்தது. இறக்கை தோளோடு கிழிந்து தொங்கியது. மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அவனைத் தொட்டது அப்போதுதான். அவ்வளவு சூடாக இருப்பான் என்று நான் நினைக்கவே இல்லை. ஜீப் தார்ச்சாலையை அடையும் முன் தலை சாய்ந்துவிட்டது.

கோபுரத்தின் எண், கம்பி, அவன், மூன்றும் ஒன்றாகத் தெரியும்படி போட்டோ எடுத்திருக்கிறேன். பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுக்கப் போகிறேன். நீ வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. உன் மனது என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் போட்டோவைக் கொஞ்ச நாள் நிறுத்தி வை. தட்டு மாட்டும் பொறுப்பு என் பெயரில் இருக்கிறது. ஏன் தாமதமானது என்று எனக்குத்தான் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. இப்போது படம் வந்தால் சீஃப் கையைக் கழுவிக்கொள்வார், என் தலைதான் உருளும். நான் வெளியேறிவிட்டால் அந்தத் தட்டுகளை மாட்டவும் ஆளிருக்காது. யோசித்துப் பார். அவன் திரும்பி வரப்போவதில்லை.

அம்மா கீழே எழுதுகிறாள்.

சுண்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள். உன் தம்பி ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். குழந்தை அவன் முகத்தைப் பார்த்து அழுகிறது. நீ வளர்த்த பிள்ளைதானே அவன். நான் வேலைக்குப் போன நாளெல்லாம் உன் இடுப்பில்தானே இருந்தான். பறவைக்காக அவனை விட்டுக்கொடுத்துவிடாதே. நான் இதுவரை உன்னை ஒன்றும் கேட்டதில்லை. கல்யாணம் வேண்டாம் என்றாய், சரி என்றேன். காட்டில் இருக்கிறேன் என்றாய், சரி என்றேன். இதை மட்டும் எனக்காகச் செய்.


ஜூலை 6

போட்டோவைக் கொடுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடு.


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் ரொம்ப ரொம்ப நலம். உன்னிடமிருந்து கடிதமே இல்லை, கோபமா? கோபமிருந்தால் இதைப் படித்ததும் பறந்துவிடும்.

தட்டுகள் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டோம்! நீயே பார்த்திருப்பாய். தட்டுகளின் துவக்க விழாவுக்கு உன்னை அழைக்கச் சொல்லியிருந்தேன். நீ வரவில்லையாம். பத்திரிகையில் பாதிப் பக்கத்துக்குப் படம் வந்தது. 'பறவைக்கு வழிவிட்ட மின்பாதை' என்று தலைப்பு. அம்மா அதை வெட்டி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள்.

அதைவிடப் பெரிய செய்தி, சின்னவள் முட்டையிட்டிருக்கிறாளாமே! அலுவலகத்தில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். தட்டு மாட்டிய உடனேயே முட்டை என்றால் பார்த்துக்கொள்ளேன். புது வருடக் காலண்டரில் அவள் படத்தைப் போடப் போகிறார்கள். சீஃப் மேலிடத்துக்குப் போகிறார். அவருடைய இடம் எனக்கு என்று பேச்சு. இதற்கெல்லாம் நீதான் காரணம் அக்கா. நீ பொறுமையாக இருந்ததால்தான் எல்லாம் நல்லபடி முடிந்தது.

குழந்தை இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். "குஞ்சு எப்ப வரும், குஞ்சு எப்ப வரும்" என்று ஒரே நச்சரிப்பு. விடுமுறைக்கு அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன். நீதான் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சுண்டு


செப்டம்பர் 19

தம்பிக்கு,

முட்டையிட்டது உண்மை. மேட்டுக்குக் கீழே, ஓடைக்கரையை ஒட்டி, வெறும் மண்ணில்.

ஆண் இல்லாமலும் பெண் முட்டையிடும். கோழி இடுவதில்லையா, அப்படித்தான். மாப்பிள்ளை போன பிறகு இந்தப் புல்வெளிக்கு வேறு ஆண் வரவில்லை. பக்கத்தில் எங்கும் இருந்தால்தானே வருவதற்கு. மழை முழுக்க அவள் மேட்டுக்கு வந்து வந்து நின்றாள். பிறகு இட்டாள்.

இதை உங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் இன்னும் அடைகாக்கிறாள். குஞ்சு வர வேண்டிய காலம் தாண்டிவிட்டது. வெயிலேறினால் எழுந்து நின்று, தன் நிழல் முட்டையின் மேல் விழும்படி இறக்கையைத் தாழ்த்திக்கொள்கிறாள். நேற்று ஒரு நரியை விரட்டினாள். தீனிக்குப் போனாலும் நாலு கொத்தில் திரும்பிவிடுகிறாள். முன்பெல்லாம் வெட்டுக்கிளி கிடைத்தால் உலகத்தையே மறப்பாள் என்று உனக்கு எழுதியிருக்கிறேன்.

பறவை மருத்துவர் வந்திருந்தார். அவள் எழுந்து போன நேரம் பார்த்து முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்து வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிந்தது.

"எடுத்துடலாமா? வீணா உக்காந்திருக்கு பாவம்" என்றார்.

"எடுத்தா இன்னொண்ணு போடுவா டாக்டர். அதுவும் இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் முட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

போட்டோ என்னிடம்தான் இருக்கிறது. பயப்படாதே, அம்மாவுக்குக் கொடுத்த சொல்லை மீற மாட்டேன். அந்தப் பத்திரிகைக்காரர் மறுபடியும் வந்தார். ஆண் பறவை எப்படிச் செத்தது என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். வயதாகிவிட்டது என்றேன். எழுதிக்கொண்டு போனார். இனி இந்த ஊரில் நான் எதைச் சொன்னாலும் அதோடு அந்தப் பொய்யும் நிற்கும்.

குழந்தையை அழைத்துக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே. அவள் குஞ்சு எங்கே என்று கேட்பாள். சின்னக் குழந்தையிடம் நான் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். உண்மையைச் சொன்னால் அவள் உன்னிடம் திரும்பி, ஏம்ப்பா என்று கேட்பாள்.

அக்கா